வினோலியா டீச்சரின் இரண்டாவது குரல்

வினோலியாவுக்குக் குரல் இரண்டு. தமிழுக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு ஒன்று. தமிழ்க் குரல் பிறவியிலேயே வந்தது. மெலிசாக, கீச்சென்று, அவசரமாக இருக்கும். இங்கிலீஷ்க் குரல் இருபத்து நாலாவது வயதில் வந்தது. அது அடிவயிற்றில் கிளம்பி, வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, பிறகுதான் வாய்க்கு வந்து சேரும். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகின்றன என்று அவள் சத்தியம் செய்தாலும் கேட்டவர்கள் நம்பமாட்டார்கள்.

தமிழ்க் குரலை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் பக்கத்து ஆளுக்குக் கிழித்துக் கொடுப்பார். திண்டுக்கல் மேட்டுப்பட்டி மாதா கோயிலின் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, குழுவை நடத்தியவர் தன்மையான மனிதர், "நீ வாய மட்டும் அசைம்மா, பாட்ட அவங்க பாத்துக்குவாங்க" என்றார். அவளும் சில கிறிஸ்மஸ்களுக்கு வாயை அசைத்தாள். வீட்டில் அம்மா இஞ்ஞாசியம்மாள் வெஞ்சனம் தாளிக்கிற சத்தத்தில் மகள் சொல்வது கேட்காது. தாளித்து முடித்த பிறகும் கேட்காது. பழகிவிட்டது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். வினோலியாவின் சொல் அடுப்படி வாசலையே தாண்டவில்லை.

விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு 1996இல் சின்னாளப்பட்டியில் வேலை கிடைத்தது. ஒயிட் லில்லி நர்சரி பள்ளி. நடத்தியவர் நல்லுசாமி, செம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். மகனைச் சேர்க்க டவுனில் ஒரு பெரிய பள்ளிக்குப் போனபோது அங்கே அவரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்கிற நாற்காலியில் நாமே உட்கார்ந்துவிட்டால் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றியது. தோப்பில் பாதியை விற்றுப் பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்.

நேர்காணலில் வினோலியா தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் சொன்னாள். நல்லுசாமி காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து கேட்டார்.

"ஏம்மா, இப்பப் பேசுனது இங்கிலீஷா, தமிழா?"

"இங்கிலீஷ்தான் சார்."

"சரி. அரைப் பரீட்சை வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள உச்சரிப்பு வந்துருச்சுன்னா இருங்க. வரலைன்னா தப்பா நெனைக்காதீங்க. பிள்ளைக இங்கிலீஷ் பேசலைன்னா இந்த ஊர்ல எனக்குத் தலை காட்ட முடியாது." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். மதுரையில் யாரிடமோ சொல்லிப் பதிவு செய்து வாங்கியது. அட்டை இல்லை, பெயர் இல்லை. "இதுல அவங்க ஓச அம்புட்டும் இருக்காம். உயிர் இருவது, மெய் இருவத்து நாலு. நமக்குப் பன்னெண்டுலயே பொழப்பு ஓடுது, அவங்களுக்கு எதுக்கு இருவதுன்னு தெரியல. இருந்தாலும் படிச்சு வைங்க."

அவர் அதைக் கேட்டுப் பார்த்தாரா என்றால், இல்லை. கேட்டால் மட்டும் தெரியவா போகிறது?

வினோலியாவின் வீட்டில் ஒரு டூ இன் ஒன் இருந்தது. மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. ரேடியோ நன்றாகப் பாடும். கேசட் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கதை. உள்ளே சக்கரத்தைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட் எந்தக் காலத்திலோ தொய்ந்துபோய், கேசட் ஓடவேண்டிய வேகத்தில் ஓடாமல், மெதுவாக, மாட்டுவண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அந்த வீட்டில் இருந்த கேசட்டெல்லாம் பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி.

அவளுடைய அப்பா பாக்கியராஜ் வெங்காயப்பேட்டையில் தராசு பிடிக்கிறவர். தவக்காலம் வந்தால் கோயிலில் மாதா புலம்பலைப் பாடுவது அவர்தான். அந்த உரிமையை யாரும் பறித்துவிடக் கூடாதென்று வருடம் முழுவதும் ஒப்பாரிக் கேசட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒப்பாரி எவ்வளவு இழுத்தாலும் தகும். மெதுவாக ஓடினால் துக்கம் இன்னும் நன்றாக இறங்கும். "இந்த மெஷின்ல கேட்டாத்தான் கண்ணீர் வருது" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட மெஷினை யார் சந்தேகப்படுவார்கள்?

அதில்தான் வினோலியா இங்கிலீஷ் கேசட்டைப் போட்டாள்.

கனத்த, வயதான, ஆழமான ஒரு குரல் வந்தது. ஒவ்வொரு ஓசையையும் ஆழக் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றுவதுபோல் மெதுவாகச் சொன்னது. சொல்லிவிட்டு, நீ சொல் என்று வெகுநேரம் காத்திருந்தது. வாசலில் காலை ஆட்டிக்கொண்டிருந்த பாக்கியராஜ் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"யாரு ஆத்தா இது? மேற்றிராணியாரு மாதிரி இருக்கு."

"யாருன்னு போடலப்பா."

"மேற்றிராணியாருதான். சாமியாருக்கு இம்புட்டுப் பொறுமை வராது."

பிஷப்பை அந்த வீட்டில் மேற்றிராணியார் என்பார்கள். அன்றிலிருந்து அந்தக் குரலுக்கும் அதுவே பெயர். சாயங்காலம் வினோலியா ஸ்விட்சை அமுக்கினால் பாக்கியராஜ் பீடியை அணைத்துவிடுவார்.

அவள் உழைத்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது. மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதினாள். நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டினாள். பா என்கிற ஓசைக்கு எதிரே வைத்த மெழுகுவர்த்தி நடுங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்தது மந்திரித்த மெழுகுவர்த்திதான். "சாவுக்கும் இடிமின்னலுக்கும் வச்சிருக்கிறத இங்கிலீசுக்குக் கொளுத்துறாளே" என்று இஞ்ஞாசியம்மாள் சேசு மரி சூசையைக் கூப்பிட்டாள். ஆனால் அணைக்கவில்லை. மகளுக்கு வேலை நிலைக்கவேண்டும் என்ற கவலை அவளுக்கும் இருந்தது.

உயிரெழுத்துக்குத்தான் பாடு அதிகம். மேற்றிராணியாரின் வாயில் குறில் நெடிலாகவும், நெடில் அளபெடையாகவும் இருந்தது. அந்த அளவுக்கு இழுக்க வேண்டுமென்றால் மூச்சு வேண்டும், மூச்சு வேண்டுமென்றால் அடிவயிறு வேண்டும். வினோலியா அடிவயிற்றைத் தேடிக் கண்டுபிடித்தாள். அங்கே, அவளுக்கே தெரியாமல், ஒரு கனத்த குரல் இருந்தது. ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி வாசிக்கிறவர்கள் மட்டும் ஏன் இப்படிப் பறக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்ததுண்டு. ஐந்தே நிமிடத்தில் உலகச் செய்தி முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பாவம், அவசரப்படுகிறார்கள் என்று தீர்த்துக்கொண்டாள்.

அரைப் பரீட்சைக்கு முன் ஒருநாள் நல்லுசாமி வகுப்பு வாசலில் வந்து நின்றார். உள்ளே எல்.கே.ஜி. பிள்ளைகள் பெஞ்சின் மேலும் கீழும் இருந்தார்கள். வினோலியா புதுக்குரலை எடுத்தாள்.

"சி...ட்... ட...வு...ன்."

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வாசலில் நின்ற நல்லுசாமியும் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவளைப் பார்த்து ஒருவர் அடங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த ருசியை அவள் மறக்கவில்லை.

வேலை நிலைத்தது. பள்ளியும் வளர்ந்தது. நெசவுக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் காலையில் எழுந்து, "கு...ட் மா...ர்...னிங் டா...டி" என்று எமதர்மன் குரலில் சொன்னார்கள். தறியில் இருந்த தகப்பன் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, கும்பிடுவதா வேண்டாமா என்று யோசித்தார். டவுன் பள்ளிப் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசினால் கொறிக்கிற மாதிரி இருக்கிறது, நம்ம பிள்ளைகள் பேசினால்தான் நிறைவாக இருக்கிறது என்று ஊரில் பேச்சு. நூல் கடைக்காரர் தன் மகளைத் திண்டுக்கல் பள்ளியிலிருந்து நிறுத்தி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

வினோலியாவும் மாறினாள். முக்கியமான எதையும் தமிழில் சொல்வதில்லை என்ற நிலைக்கு வந்தாள். பேங்கில், தபால் ஆபீசில், கேஸ் சிலிண்டர்க்காரரிடம் எல்லாம் அந்தக் குரல்தான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது உதவவில்லை. வடமதுரையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு இங்கிலீஷ் டீச்சராமே, ரெண்டு வார்த்த பேசட்டும்" என்றார்கள். பேசினாள். மாப்பிள்ளையின் தாயார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அந்த நேரத்துக்கு வடமதுரைக்குக் கால்மணிக்கொரு பஸ் உண்டு.

இப்படியே வருடங்கள் ஓடின. 2003இல் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகிறது என்று தெரிந்தது. தலைமை ஆசிரியை ஒருவர் வேண்டும். வினோலியா, புதிதாக வந்த எம்.எட். படித்த ஷைனி, இருவரில் ஒருவர். வினோலியாவுக்கு அந்த நாற்காலி மேல் ஆசை இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. வாயை மட்டும் அசைக்கச் சொல்லி ஓரத்தில் நிறுத்தப்பட்டவளுக்கு ஒரு பள்ளிக்கூடமே தன் சொல்லைக் கேட்கவேண்டும் என்று தோன்றுவதில் என்ன தப்பு?

நல்லுசாமியும் அதிகம் சுற்றி வளைக்கவில்லை. "ஆண்டு விழாவுல வரவேற்புரை நீங்கதான் டீச்சர். கலெக்டர் ஆபீசுல இருந்தெல்லாம் வாராங்க. உங்க பாணியில ஒரு போடு போடுங்க. அதே மேடையில உங்க பேர நான் அறிவிக்கிறேன்."

உரையை எழுதி முடித்து, இரண்டு ஓசையில் சந்தேகம் வந்து, மேற்றிராணியாரிடமே கேட்டுவிடலாம் என்று ஸ்விட்சை அமுக்கினாள். உள்ளே பட்டென்று ஒரு சத்தம். மேற்றிராணியார் வாய் மூடிவிட்டார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த நூர் முகமதுவிடம் அப்பாவும் மகளுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பின்பக்கத்தைக் கழற்றி, அறுந்து கிடந்த பெல்ட்டைச் சாமணத்தால் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, இது பெல்ட்டா, அரணாக்கயிறா? இம்புட்டுத் தொய்ஞ்சு கெடக்கு. எப்புடி ஓடுச்சு இது?"

"நல்லாத்தானே ஓடுச்சு பாய்."

புதுப் பெல்ட்டை மாட்டி, கேசட்டைப் போட்டு, ஸ்விட்சை அமுக்கினார். சுறுசுறுப்பாக ஒரு பெண்ணின் குரல் வந்தது. சின்ன வயதுப் பெண். மெலிசாக, கீச்சென்று, ஓசைகளைப் பொரிகடலையாக உதறிவிட்டு, நீ சொல் என்று ஒரு நொடி நின்று, அடுத்ததற்குப் போனாள்.

பாக்கியராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாய், இது எங்க கேசட்டு இல்ல. மாத்திட்டீக. எங்க மேற்றிராணியாரு எங்க?"

"எந்த மேற்றிராணியாரு? ஒங்க முன்னாலதானேண்ணே போட்டேன்?" நூர் முகமது அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏதோ புரிந்தவராக, ஓடுகிற சக்கரத்தின் மேல் கட்டைவிரலை லேசாக அழுத்தினார். பெண்ணின் குரல் இழுபட்டுக் கனத்து, கீழே இறங்கியது. மேற்றிராணியார் வந்தார். விரலை எடுத்தார். பெண் வந்தாள். அழுத்தினார். மேற்றிராணியார். நூர் முகமதுவுக்கு இது பிடித்துப்போய் இன்னும் செத்த நேரம் செய்துகாட்டினார்.

வினோலியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இங்கிலீஷ் போனால் போகட்டும். அவள் நினைத்தது வேறு. சின்னாளப்பட்டியில் நானூறு பிள்ளைகள் ஒரு தொய்ந்த பெல்ட்டைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியராஜ் அதற்குள் கோபம் ஆறி, அந்தப் பெண்ணின் குரலைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏத்தா வினோ," என்றார், "இது நீ பேசுற மாதிரியே இருக்கு."

அவள் திரும்பக் கேட்டாள். அப்படியேதான் இருந்தது. மெலிசு, அவசரம், கீச்சு. இந்தக் குரலை மறைக்கத்தான் அவள் அடிவயிறு வரை போய் வந்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைத்தெருவில் இரண்டும் நன்றாக இருக்காது என்று கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

மறுநாள் டூ இன் ஒன்னைப் பள்ளிக்கே தூக்கிக்கொண்டு போய், நல்லுசாமி மேசையில் வைத்து, நடந்ததைத் தமிழில் சொன்னாள். அவர் இரண்டு தடவை "என்னது?" என்றார். பிறகு கேசட்டைக் கேட்டார்.

"இந்தப் பிள்ள பேசுறது சரியில்லயே."

"இவங்க இங்கிலாந்துக்காரங்க சார்."

"இருக்கட்டும். அவங்க ஊர்ல அவங்க எப்புடியும் பேசிக்கட்டும். இந்தக் கீச்சுக்குரலுக்கு நம்ம ஊர்ல எந்தப் பிள்ள அடங்கும்? பீஸ் கட்டுனவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல? நாயித்துக்கிழமை விழாவுல நீங்க பழையபடியே பேசுங்க. பெல்ட்டப் பத்தி மூச்சு விடவேணாம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எதிரே இருப்பவளின் குரலும் அதுதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வினோலியாவுக்குக் கோபம் வந்தது. பாடகர் குழுவில் வராத கோபம், வடமதுரைக்காரர்கள் எழுந்து போனபோது வராத கோபம், எல்லாம் சேர்த்து வைத்திருந்ததுபோல அன்றைக்கு வந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதுவும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் சுங்குடிச் சேலைகளும் வெள்ளை வேட்டிகளுமாக ஊர். பிள்ளைகள் தரையில் ஜமுக்காளத்தில். மைக் செட் போட்ட சடையாண்டிக்கு வினோலியா டீச்சரைத் தெரியும். அவள் பேசினால் பெட்டி அதிரும் என்று மைக்கை வழக்கம்போல ஒரு முழம் தள்ளி வைத்திருந்தான். அவள் மேடையேறியதும் மைக்கை இழுத்துத் தன் வாயோரம் வைத்துக்கொண்டாள். நல்லுசாமி தலைமை ஆசிரியை பெயரை அறிவிக்கச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

வினோலியா தன் சொந்தக் குரலில், தமிழுக்கு வைத்திருந்த அந்தக் குரலில், "குட் ஈவ்னிங் சில்ட்ரன்" என்றாள்.

பேசியது யார் என்று பிள்ளைகள் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு பழக்கதோஷத்தில் எல்.கே.ஜி. முதல் கடைசி வகுப்பு வரை எழுந்து நின்று பதில் சொன்னார்கள்.

"கு...ட்... ஈ...வ்...னி...ங்... மி...ஸ்..."

பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் நுழைந்தது போல் இருந்தது. அத்தனை பேரும் சேர்ந்து சொல்லி, எதிரே நின்று அவள் கேட்டது அன்றைக்குத்தான். நான்கு வயதுப் பிள்ளைகள் மோவாயை நெஞ்சில் அழுத்திக்கொண்டு அடிவயிற்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழுதி வந்த உரையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்:

"எல்லாரும் இன்னொரு தடவ சொல்லுங்க. மிஸ் மாதிரி சொல்ல வேணாம். வீட்டுல அம்மாவ எப்படிக் கூப்புடுவீங்க, அந்தச் சத்தத்துல சொல்லுங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இது பரீட்சையா, தண்டனையா என்று தெரியவில்லை. முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் முதலில் கத்தினாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மொத்தக் கூட்டமும். மரத்தில் கல்லெறிந்தால் மைனாக்கள் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம். பின்வரிசையில் தாய்மார்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எந்தச் சத்தம் தன் பிள்ளையுடையது என்று அவரவருக்குத் தெரிந்தது. அதுவரை இங்கிலீஷில் அது தெரிந்ததே இல்லை.

பிறகு உரையைப் பிரித்து, அதே மெலிசுக் குரலில், அதே அவசரத்தில் வாசித்தாள். வழக்கமாக அரைமணி ஆகிற உரை பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. அதிகாரிகளுக்கு மட்டும் மிகுந்த திருப்தி.

நல்லுசாமி எழுந்தார். தொண்டையைச் செருமினார். புதிய தலைமை ஆசிரியை ஷைனி என்று அறிவித்தார். வினோலியா மேடையில் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள். வலித்தது. வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காந்திகிராமம் தாண்டியதும் பாக்கியராஜ் கேட்டார்.

"பதவி போச்சா ஆத்தா?"

"போச்சுப்பா."

"ம்." ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். ஒரு வார்த்த விடாமக் கேட்டுச்சு."

"என்ன சொன்னேன்னு தெரிஞ்சுச்சா?"

"அது எனக்கு எங்க தெரியும்? கேட்டுச்சுன்னு சொல்றேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் வந்தார்.

"திண்டுக்கல் ரெண்டு" என்றாள்.

"என்னம்மா?" என்றார் கண்டக்டர்.

அதே குரலில் இன்னொரு தடவை சொன்னாள்.